சதுரக் காசும் எழுபது மதிப்பெண்ணும்



தமிழ் கற்பிக்கும் ஆசிரியருக்குப் பழைய செப்புக் காசுகளோடு என்ன உறவு என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். உறவு ஒரு சொல்லிலிருந்து தொடங்கியது. சிங்கப்பூரில் நாம் டாலரை 'வெள்ளி' என்றும், அதன் நூற்றில் ஒரு பங்கைக் 'காசு' என்றும் வழங்குகிறோம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாகக் குடிவந்த மாணவி ஒருத்தி, பயிற்சித்தாளில் 'இரண்டு வெள்ளி நாற்பது காசு' என்றிருந்ததைப் படித்துவிட்டு, "வெள்ளிக்கிழமையா, ஆசிரியரே?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. ஆயினும் அது கேட்கத்தக்க கேள்வியே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் துறைமுகத்தின் பெருவணிகம் ஸ்பானிய, மெக்சிக வெள்ளி நாணயங்களில் நடந்தது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களுக்கெனத் தனி வெள்ளி டாலர் 1903-இல்தான் வந்தது. நாணயத்தின் உலோகமே நம்மவர் வாயில் அதன் பெயராக நிலைத்துவிட்டது. அமெரிக்க டாலருக்கும் மூதாதை அதே ஸ்பானிய வெள்ளி நாணயம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும். 'காசு' இன்னும் பழைய சொல். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அது நாணயத்தின் பெயராகவே வருகிறது. போர்த்துகீசியர் அதை 'காய்ஷா' என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் 'கேஷ்' ஆக்கினார்கள். டச்சுக்காரரின் 'டௌட்' என்ற சிறு செப்புக்காசு தமிழில் 'துட்டு' ஆயிற்று. மலாயில் 'டுயிட்' ஆயிற்று. கடைத்தெருவில் மலாய்க்காரர் 'டுயிட்' என்னும்போதும் தமிழர் 'துட்டு' என்னும்போதும் இருவர் வாயிலும் ஒரே ஒல்லாந்தச் செம்புதான் புரள்கிறது.

இவ்வளவையும் கரும்பலகையில் எழுதிப் போட்டால் மாணவர்கள் படியெடுத்துக்கொள்வார்கள். அத்துடன் மறந்தும் போவார்கள். காசையே கையில் கொடுத்தால் மறக்கமாட்டார்கள் என்று தோன்றியது. அதற்கு நெடுந்தொலைவு போக வேண்டியிருக்கவில்லை. நான் வகுப்பெடுத்த இடத்திலிருந்து ஜாலான் புசார் நடை தூரம்.

ஜாலான் புசார் என்றால் மலாயில் 'பெரிய சாலை' என்று பொருள். சிராங்கூன் சாலைக்கு ஏறக்குறைய இணையாக ஓடுகிறது. அதன் தெற்கு முனையில், ரோச்சோர் கால்வாயை ஒட்டிய சுங்கை ரோட்டில், 1930களிலிருந்து பழைய பொருள்களுக்கான திறந்தவெளிச் சந்தை ஒன்று கூடி வந்தது. 'திருடர் சந்தை' என்பது அதன் ஊரறிந்த பெயர். நான் அங்குக் கண்டவர்கள் பெரும்பாலும் வயதான சீனர்கள். தரையில் துணி விரித்துக் கைக்கடிகாரம், செருப்பு, வானொலி, சாவிக்கொத்து எனக் கிடைத்ததையெல்லாம் பரப்பி வைத்திருப்பார்கள். 2011-இல் ரயில் நிலையப் பணிக்காகச் சந்தையின் பரப்பு குறைக்கப்பட்டது. 2017 ஜூலை 10 அதன் கடைசி நாள். அவ்வாண்டு அக்டோபரில் ஜாலான் புசார் ரயில் நிலையம் அங்கே திறக்கப்பட்டது. இன்று அந்த நிலையத்திலிருந்து வெளியே வரும் இளையர்களுக்குக் காலடியில் எத்தனை பிஸ்கட் டப்பாக் காசுகள் கைமாறின என்பது தெரிய வாய்ப்பில்லை.

அங்குக் காசு விற்ற முதியவர் ஒருவர், நான் ஆசிரியர் என்று தெரிந்த பிறகு என்னைச் 'சிக்கு' என்றே அழைப்பார். அவரிடம் இரண்டு பிரிவுகள் இருந்தன. பளபளப்பானவை அட்டைச் சட்டத்துக்குள், நெகிழித்தாள் மூடி, விலை எழுதி வரிசையாக இருக்கும். தேய்ந்தவை டப்பாவில் குவிந்து கிடக்கும். அள்ளிப் பார்த்துப் பொறுக்கிக்கொள்ளலாம். என் வகுப்புக்கான காசுகள் அனைத்தும் அந்த டப்பாவிலிருந்து வந்தவை. சிக்கனத்துக்காகத்தான் அப்படித் தொடங்கினேன். நாளடைவில் டப்பாதான் வரலாறு, அட்டை வெறும் வாணிகம் என்று எண்ணத் தொடங்கினேன். இன்றும் அக்கருத்தில் பெரிய மாற்றமில்லை.

இந்தத் தீவில் வழங்கிய ஒரு காசுகளின் வரிசையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டாலரில் நூற்றில் ஒரு பங்கு என்ற கணக்கில் முதலில் வந்தது, 1845 என்று ஆண்டு பொறித்த கிழக்கிந்தியக் கம்பெனியின் செப்புக்காசு. அதனோடு அரைக் காசும் கால் காசும் வந்தன. கம்பெனி தன் ரூபாய், அணாக் கணக்கை இங்கும் புகுத்த முயன்றது. டாலரில் வணிகம் செய்தவர்கள் அதை ஏற்கவில்லை. கம்பெனி ஆட்சி போனபின் 1862-இல் 'இந்தியா ஸ்டிரெயிட்ஸ்' என்று பொறித்த காசு வந்தது. ஒரே ஆண்டுதான். 1867-இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிக்கப்பட்டு லண்டனின் நேரடி ஆட்சிக்குள் சென்றன. 1872 முதல் அக்குடியேற்றங்களின் பெயரிலேயே விக்டோரியா தலை பொறித்த காசுகள் வெளிவந்தன. இந்தியாவிலிருந்து அரசியல் முறையில் நாம் பிரிந்த கதை இப்படி மூன்று செப்புக்காசுகளில் அடங்கிவிடுகிறது. 1872 காசில் ஆண்டுக்கருகே 'எச்' என்ற ஆங்கில எழுத்தும் காணப்படும். பர்மிங்காமிலிருந்த ஹீட்டன் என்னும் தனியார் அச்சகத்தின் குறி அது. மாணவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னால் பூதக்கண்ணாடிக்கு அடிதடி நடக்கும்.

1919-இல் காசு சதுரமாயிற்று, மூலைகள் மழுங்கிய சதுரம். வகுப்பில் பிள்ளைகளை மயக்குவது இதுதான். "கீழே விழுந்தாலும் உருண்டு ஓடாத காசு" என்று ஒரு சிறுவன் சொன்னான்; நான் அதைவிடச் சிறந்த விளக்கம் சொல்லியதில்லை. ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ், இரண்டாம் எலிசபெத் என மூன்று ஆட்சிகளிலும் சதுரம் நீடித்து 1961-இல் முடிந்தது. 1962-இல் இரண்டு கிரிஸ் கத்திகள் குறுக்காக அமைந்த வட்டக்காசு. 1967-இல் சிங்கப்பூரின் சொந்தக் காசு, அதில் அடுக்குமாடி வீடும் நீரூற்றும். 1985-இல் அறிமுகமான இரண்டாம் வரிசையில் ஆர்க்கிட் மலர் இடம்பெற்றது. மறுபக்கத்தில் அரசுச் சின்னத்தைச் சுற்றி நாட்டின் பெயர் நான்கு மொழிகளில் அமைந்தது. அதற்கு முன் மேற்சொன்ன எந்த ஒரு காசிலும் தமிழ் எழுத்து இல்லை. தமிழர் வாயில் 'காசு' என்றே வழங்கிய நாணயத்தில் தமிழ் ஏற 140 ஆண்டுகள் ஆயின.

எடையைப் பாருங்கள். விக்டோரியா காசு ஏறத்தாழ 9 கிராம். 1919-இன் சதுரக் காசு 6 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 1943-இன் சதுரம் 4 கிராமுக்குச் சற்று மேல். 1967-இன் காசு 2 கிராமுக்குள் அடங்கும். ஆர்க்கிட் காசு ஒன்றேகால் கிராம். சமையலறைத் தராசில் வைத்தே பிள்ளைகள் இதைக் கண்டறியலாம். பணவீக்கம் என்றால் என்ன என்று பொருளியல் ஆசிரியர் ஒரு மணி நேரம் விளக்குவதை, ஐந்து காசுகள் ஐந்து நிமிடத்தில் உள்ளங்கையில் சொல்லிவிடும்.

இனித் தரத்துக்கு வருகிறேன். பெற்றோர் அனுப்பும் கேள்விகளில் பாதி இதைப் பற்றியவைதான்: "எங்கள் வீட்டுக் காசு எத்தனை மதிப்பெண் பெறும்?"

உலகெங்கும் நாணயங்களை 1 முதல் 70 வரை மதிப்பிடும் முறை, அமெரிக்காவின் பழைய ஒரு சென்ட் காசுகளிலிருந்து பிறந்தது. பிலடெல்ஃபியா அச்சகம் 1793 முதல் 1857 வரை பெரிய செப்பு சென்ட்டுகளை அடித்து வந்தது. நம் வெள்ளியின் அதே மூதாதைக்குப் பிறந்த பங்காளிகள் அவை. அவற்றைச் சேகரித்தவர்களுள் வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர் ஒருவர். 1949-இல் அக்காசுகளைப் பற்றித் தாம் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கைச் சொன்னார். உருவம் அடையாளம் தெரியும் அளவுக்கு மட்டும் எஞ்சிய காசு 1. அச்சிலிருந்து வந்தபடியே குறையில்லாதது 70. அதன் விலை முதலாவதன் விலையைப்போல் எழுபது மடங்கு. விலைக் கணக்கு விரைவில் பொய்த்துப்போயிற்று. எண்கள் மட்டும் நிலைத்தன. 1970களில் அமெரிக்க நாணயவியல் கழகம் அவற்றை எல்லா நாணயங்களுக்கும் விரித்தது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து கட்டணம் பெற்றுக் காசைத் தரம்பார்த்து, நெகிழிப் பெட்டிக்குள் முத்திரையிட்டுத் தரும் நிறுவனங்கள் தோன்றின. நம் நீரிணைக் காசுகளும் இன்று அந்தப் பெட்டிகளுக்குள் உறங்குகின்றன.

ஆசிரியர்கள் ஷெல்டனைப் பற்றி மேலும் ஒன்று அறிந்துகொள்வது நல்லது. அவர் காசுகளுக்கு மட்டும் மதிப்பெண் போடவில்லை. மனித உடலுக்கும் போட்டார். பல்கலைக்கழக மாணவர்களின் உடலமைப்பைப் படமெடுத்து ஆராய்ந்து, ஒவ்வோர் உடலுக்கும் 1 முதல் 7 வரை மூன்று எண்கள் தந்தார். அந்த எண்களிலிருந்து ஒருவரின் குணத்தையும் சொல்லிவிடலாம் என்று வாதிட்டார். அறிவியல் உலகம் அதைக் கைவிட்டுவிட்டது. அவர் 1977-இல் மறைந்தார். அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்த உயர்தரச் சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்குப் பதிலாகத் தாழ்ந்தவற்றை அவர் வைத்திருந்தது பின்னர்த் தெரியவந்தது; சங்கம் வழக்காடிப் பலவற்றை மீட்டது. தரம் பிரிக்க உலகுக்குக் கற்றுக்கொடுத்தவரின் கை அத்தனை தூய்மையானதன்று. அளவுகோலே தவறு என்று இதனால் ஆகிவிடாதுதான். ஆனாலும் ஒரு பிள்ளையின் கட்டுரைக்கு 63-ஆ 64-ஆ என்று நான் தயங்கும்போதெல்லாம் இவர் நினைவுக்கு வருவார்.

தரம் பார்க்கும் முறை கடினமானதன்று. வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்படி காசைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படக்கூடாது. முதலில் தேய்பவை மேடான இடங்கள். விக்டோரியாவின் காதுக்கு மேலுள்ள கூந்தல் இழைகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, ஒரே பரப்பாக வழுவழுத்துவிட்டனவா? ஜார்ஜ் மன்னர் முடியின் வேலைப்பாடு எஞ்சியிருக்கிறதா? விளிம்பு தேய்ந்து எழுத்துகளைத் தொட்டுவிட்டதா? உருவத்தின் எல்லைக்கோடு மட்டும் இருந்தால் 4 என்பார்கள். முக்கிய இழைகள் பாதி தெரிந்தால் 12. கூர்மை பெரிதும் நிலைத்து, மேட்டில் மட்டும் தேய்மானம் என்றால் 40. 60-க்கு மேல் செல்ல வேண்டுமானால் புழக்கத்துக்கே வந்திருக்கக் கூடாது. செம்பில் நிறமும் பேசும். புதுக்காசின் செந்நிறம், பாதி மங்கிய செம்பழுப்பு, முழுப் பழுப்பு என மூன்று படிகள். செம்மை மிகுந்தால் விலை மிகும்.

நம் வீடுகளில் செம்பு என்றாலே புளி நினைவுக்கு வரும். குத்துவிளக்கையும் செம்பையும் புளி போட்டு விளக்கிப் பழகிய கை, காசைக் கண்டாலும் சும்மா இராது. தயைகூர்ந்து அதைச் செய்யாதீர்கள். புளியிலுள்ள அமிலம் மேற்படலத்தைத் தின்றுவிடும். கிடைப்பது புதுக்காசின் செம்மை அன்று, தோலுரிந்த இளஞ்சிவப்பு. பழகிய கண் ஒரு நொடியில் கண்டுகொள்ளும். தேய்த்துத் துலக்கிய காசுக்குத் தரநிறுவனங்கள் எண்ணே கொடுப்பதில்லை. பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் ஈரம் படாமல் தனியே காகித உறையில் வைத்து, அறிந்தவரிடம் காட்டுவதே நல்லது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவரின் தாயார் ஏழு காசுகளைக் கொண்டுவந்தார். அவருடைய பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருந்தவை. கடைக்காரர் ஒருவர் ஆறுக்கு ஏதோ விலை சொல்லிவிட்டு ஏழாவதை ஒதுக்கிவிட்டாராம். "இது குப்பை, தூக்கிப் போடுங்கள்" என்றாராம். நான் வாங்கிப் பார்த்தேன். விக்டோரியா காலத்துக் காசு. ஆண்டு தேய்ந்து கடைசி எண் தெரியவில்லை. அரசியின் தலைக்கு மேலே ஒரு துளை. ஆணியால் அடித்தது போலும், ஓரம் பிசிறாக இருந்தது. துளையின் மேற்புறம் மட்டும் நூல் அறுத்ததுபோல் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. பாட்டி அதைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "எங்க அம்மாவுக்குச் சின்ன வயசுல அரைஞாண் கயித்துல கட்டியிருந்ததுன்னு சொல்வாங்க, ஆசிரியரே" என்றார்.

ஷெல்டனின் அளவுகோலில் அந்தக் காசுக்கு இடமில்லை. துளையிட்டது என்று குறித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் ஒரு தமிழ்க் குழந்தையின் இடுப்பில் விக்டோரியா அரசி ஆண்டுக்கணக்கில் ஆடினாள் என்பதை 65 மதிப்பெண் பெற்ற எந்தக் காசு சொல்லும்? உயர்ந்த எண் பெற்ற காசு எவர் கையிலும் இருந்ததில்லை, எதையும் வாங்கியதில்லை. அது அச்சகத்தின் திறமைக்குச் சான்று. இங்கு வாழ்ந்தவர்களைப் பற்றி அதனிடம் கேட்க ஒன்றுமில்லை. விற்பதற்கு உயர்ந்த எண் தேவைதான். அதை நான் மறுக்கவில்லை. பெற்றோர் இரண்டு விலைகளையும் அறிந்த பிறகு முடிவு செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அந்த அம்மா ஆறையும் விற்காமல், ஏழாவதையும் எறியாமல், ஒரு தாளில் பாட்டியின் பெயரையும் ஊரையும் எழுதி உடன் வைத்திருக்கிறார்.

தேய்மானத்தைப் படிக்கத் தெரிந்தால் கேள்விகள் தாமே வரும். 1943 என்று ஆண்டு பொறித்த சதுரக் காசை வகுப்பில் சுற்றுக்கு விடுவேன். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை. சுற்றி 'இந்தியப் பேரரசர்' என்ற பட்டம். 1943-இல் சிங்கப்பூரை ஆண்டவர் யார் என்று கேட்பேன். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்ததைப் படித்த பிள்ளைகள் திகைப்பார்கள். ஊரின் பெயரே அப்போது சியோனான். புழக்கத்தில் இருந்தது ஜப்பானியர் அச்சிட்ட தாள். ஒரு காசுக்கும் தாள்தான். அப்படியானால் இந்தச் செப்புக்காசு? தாம் இழந்த நாட்டுக்காக, இழந்த நிலையிலேயே பிரிட்டிஷார் அடித்துவைத்த காசு அது. 1945 செப்டம்பரில் அவர்கள் திரும்பிய பிறகே அது இங்கே புழங்க முடிந்தது. வாழைமரப் படம் போட்ட தாள்கள் அப்போது செல்லாமற்போயின. அவற்றை மூட்டைகட்டி வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் ஓட்டாண்டியானார்கள். அந்தத் தாள்களும் சுங்கை ரோட்டில் கட்டுக்கட்டாகக் கிடைத்தன.

கூலியும் காசில்தான் எண்ணப்பட்டது. நீரிணைக் காசு தீவோடு நிற்கவில்லை. கடல் கடந்து மலாயாத் தோட்டங்களிலும் அதுவே நாணயம். 1920களின் இறுதியில் அங்கே தமிழ்த் தொழிலாளருக்கு முக்கியப் பகுதிகளில் நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை சரிந்தபின் 1930-இல் அது 40-ஆகவும் 32-ஆகவும் குறைந்தது. வகுப்பில் சதுரக் காசுகளை 40-ஆக அடுக்கி, பக்கத்தில் 32-ஆக அடுக்குவோம். அந்த எட்டுக் காசு வேறுபாட்டை மாணவிகள் நெடுநேரம் பார்ப்பார்கள். ஏன் என்று கேட்கவும் செய்வார்கள். அதற்கு நான் விடை சொல்வதில்லை. வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் கேட்கச் சொல்வேன்.

சிங்கப்பூரில் ஒரு காசு வெளியிடுவது 2002-இல் நிறுத்தப்பட்டது. ஆனால் சட்டப்படி அது இன்னும் செல்லும். ஆகவே அதைச் செல்லாக்காசு என்று சொல்வது பிழை. அமெரிக்காவும் 2025 நவம்பர் 12 அன்று பிலடெல்ஃபியாவில் புழக்கத்துக்கான கடைசிச் சென்ட்டை அடித்து முடித்தது. 1793-இல் 13 கிராமுக்கு மேல் இருந்தது முடிவில் இரண்டரை கிராம். அங்கும் இதே தேய்வுதான்.

அடுத்த பருவத்தில் இந்தப் பாடத்தைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. ஆளுக்கு ஒரு காசு போதும், பளபளப்பானது வேண்டாம். வெள்ளைத்தாளைக் காசின்மேல் வைத்துப் பென்சிலால் மெல்லத் தேய்த்தால் உருவம் தாளில் ஏறும். கண்ணுக்குத் தெரியாத ஆண்டும் சில வேளை அதில் தெரியவரும். ஆனால் உயர்ந்த தரக் காசில் அதைச் செய்யாதீர்கள். எடை, ஆண்டு, தேய்ந்த இடம், யார் வீட்டிலிருந்து வந்தது ஆகிய நான்கையும் தாளின் பின்புறம் தமிழில் எழுதச் சொல்லுங்கள். நான்காவதை எழுதப் பிள்ளைகள் வீட்டில் பேச வேண்டியிருக்கும். ஆகவே அந்தத் தாளுக்கு ஒரு வாரம் தவணை கொடுங்கள்.